சின்ன அத்தையின் கடப்பாரை

சின்ன மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கம்பம் நடுவதற்காகச் சுண்ணாம்பால் போட்டிருந்த வட்டத்தின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சும்மா உட்காரவில்லை. காலடியில் டீ பிளாஸ்க். மடியில் ரேடியோ. தலைக்கு மேல் அவருடைய அத்தி மரம் குடை பிடித்தது. பொழுது சாய்கிற வரை எழுந்திருக்கிற உத்தேசம் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

லாரியில் நீளமாகப் படுத்திருந்த கடைசி மின்கம்பத்தைச் சுற்றி ஆட்கள் கை கட்டி நின்றார்கள். அவர்களுடைய ஃபோர்மேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

இதையெல்லாம் தையல் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள். 

தொழிலால் வந்த பெயர் அது. கொத்தனாரின் மருமகளாக இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து தையல் மெஷினும் அவளும் ஒன்றுதான். புருஷன் லாரி டிரைவர். அவன்கூடத் "தையல்" என்றுதான் கூப்பிடுவான். ஆனால் அந்த மெஷின் ஒழுங்காக ஓடி அவள் பார்த்ததில்லை. சந்தை ரோட்டிலிருந்து வயலும் தோப்பும் தாண்டி வரும் ஒற்றைக் கம்பியின் கடைசியில் இருந்தன அவர்கள் வீடும் மாமனாரின் தம்பி சின்ன மாமா வீடும். வருகிற கரண்ட் வழியிலேயே களைத்துப்போய்விடும். பல்பு அழுது வடியும். கிணற்று மோட்டார் உறுமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜ் பலமுறை ரிப்பேராகி, கடைசியில் தைக்க வந்த துணிகளை வைக்கிற அலமாரியாகிவிட்டது.

இதோடே வாழ்ந்து பழகியிருந்தார்கள். மாமனாரின் நெஞ்சு கெட்டுப்போகிற வரை.

ஆயுசு முழுக்கச் சிமெண்டுத் தூசியும் கல் தூசியும் குடித்த நுரையீரல். ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் ஆக்சிஜன் மெஷின் பகலும் இரவும் ஓட வேண்டும் என்றார் டாக்டர். மெஷினும் வந்து சேர்ந்தது. போன வாரம் அதைப் போட்டுப் பார்த்தபோது, கீச் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோனது. 

நல்லவேளையாக, மின்சார ஆபீசுக்கு அவள் செருப்புத் தேய நடந்ததற்குப் பலன் கிடைத்திருந்தது. பாலத்தருகே புது டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாயிற்று. அங்கிருந்து கம்பங்கள் வரிசையாக வந்துவிட்டன. பாக்கி ஒன்றே ஒன்று.

அது நிற்க வேண்டிய இடத்தில்தான் சின்ன மாமா உட்கார்ந்திருந்தார்.

தையல் இறங்கிப் போனாள்.

"நிலத்துக்காரர் வேண்டாம்னா நாங்க கை வைக்க முடியாதும்மா" என்றார் ஃபோர்மேன். "இன்னிக்கு விட்டா லாரி ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடும். மறுபடி எப்ப வருவோம்னு எனக்கே தெரியாது."

"கம்பம் இல்லாம கம்பியை இழுக்க முடியாதா?"

"இழுக்கலாம். தொங்கும். துணி காயப்போடத்தான் ஆகும்."

அவள் நாற்காலி அருகே போய் நின்றாள்.

"சின்ன மாமா, டீ ஆறிப்போயிருக்கும். வேற போட்டுக் கொண்டு வரட்டுமா?"

"ஐஸ் வைக்காதே."

"டீக்கு யாராவது ஐஸ் வைப்பாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. ரேடியோவின் காதைத் திருகினார். "இந்த ஓரத்துல கம்பம் வந்தா, நாளைக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் எங்களோடதும்பீங்க."

"மாமா இருக்கிற நிலைமையில வேலி தாண்டி வந்து இடம் பிடிக்கப் போறாரா? நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச முடியலை அவரால."

சின்ன மாமாவின் கை ரேடியோ மேல் ஒரு கணம் நின்றது. பிறகு முகம் மறுபடி இறுகியது.

"நாலு வார்த்தை வேண்டாம். ரெண்டு வார்த்தை போதும். 'இடம் கொடு.' உன் மாமனார் வாயால வரட்டும். நாற்காலியை நானே தூக்கிட்டுப் போறேன்."

இரண்டு வார்த்தைதான். ஆனால் அதன் பின்னால் ஒரு சுவர் நின்றது.

தம்பிக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் அண்ணன்தான். கூலி வாங்காமல், இருக்கிற வேலையெல்லாம் விட்டுவிட்டுக் கட்டினார். எல்லாம் முடிந்து சமையல்கட்டு மட்டும் பாக்கி இருந்தபோது, அதன் பின்சுவரில் கீழிருந்து மேல்வரை ஒரு விரிசல் ஓடியது. பார்க்க வந்திருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் தம்பி சொன்னார்: "ஊருக்கெல்லாம் நேரா கட்டுறவர், தம்பிக்குன்னா கோணலா கட்டியிருக்கார்." கொத்தனார் கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு அந்த வாசல்படி ஏறவில்லை. சமையல்கட்டும் பூச்சு இல்லாமல், தளம் இல்லாமல், தகரக் கூரையோடு அப்படியே நின்றுபோனது.

தையலின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து புருஷன்.

"மதியம் டாக்டர் வருவார். வீட்டுல கரண்ட் நிக்குமான்னு கேட்டா என்ன சொல்ல?"

"நிக்கும்னு சொல்லுங்க."

"நிக்குமா?"

"நாற்காலி எழுந்திரிச்சா நிக்கும்."

"எந்த நாற்காலி?"

அவள் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "இங்க இன்னொண்ணு. இன்னிக்கு வீட்டுக்கு அனுப்ப முடியலைன்னா, டவுன்ல பராமரிப்பு இல்லம் ஒண்ணு இருக்காம், அங்கே சேர்த்துடலாம்கிறாங்க. அப்பா காதுல விழுந்துடுச்சு. காலையில இருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கார்."

"அவர்கிட்ட போனைக் கொடுங்க."

கொஞ்ச நேரம் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தையல் விஷயத்தைச் சொன்னாள். ரெண்டே வார்த்தை மாமா, சொல்லிடுங்க என்றாள்.

"அவன்கிட்டயா?" கொத்தனாரின் குரல் தேய்ந்து வந்தது. "என் கை கட்டின சுவரை… சபையில வச்சு… கோணல்னு சொன்னவன். வேண்டாம் தையல். நான் இங்கேயே… கிடந்துட்டுப் போறேன்."

போனை வைத்தபோது அவளுக்குக் கண் எரிந்தது. அழுகை இல்லை, கோபம். அத்தி மரத்தடியில் நின்று, சின்ன மாமா காதிலும், அவர் வீட்டுக்குள்ளும், வயலில் வேலை செய்கிறவர்கள் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"அண்ணனுக்கும் தம்பிக்கும் வீம்பு மட்டும் மூச்சு முட்டாம வருது! வாழுங்க! நல்லா வாழுங்க!"

சின்ன மாமா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அப்போதுதான் சமையல்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு சின்ன மாமாவின் மனைவி, சின்ன அத்தை, வெளியே வந்தாள்.

சின்ன அத்தை அதிகம் பேசுகிறவள் இல்லை. கேட்டால் தலையாட்டுவாள்; பிடிக்காவிட்டால் அதுவும் செய்யமாட்டாள். அந்தச் சமையல்கட்டின் புகையிலேயே கண் சிவந்துபோனவள். மழை வந்தால் விரிசல் வழியே தண்ணீர் இறங்கி அடுப்பு வரை வரும். விரிசலில் பிளாஸ்டிக் பையைத் திணித்து, அது போதாமல் பழந்துணியைத் திணித்து, அதுவும் போதாமல் தகரத்தை அடித்து, அவள் படாத பாடு பட்டதைத் தையல் பார்த்திருக்கிறாள்.

இப்போது அவள் கையில் கடப்பாரை இருந்தது.

"ஃபோர்மேன் தம்பி, இங்க வாங்க."

ஃபோர்மேன் போனார். தையலும் ஓடினாள்.

"சமையல்கட்டும் அதுக்குப் பின்னாடி இருக்கிற இடமும் என்னோடது. எங்க அப்பா எனக்காக வாங்கிக் கொடுத்தது. இவர் கிட்ட கேக்க வேண்டியதில்லை. கம்பத்தை இங்க நடுங்க."

நாற்காலி முதல்முறையாகக் கிரீச்சிட்டது. "என்னது?"

சின்ன அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஃபோர்மேன் பின்பக்கம் முழுவதும் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். குத்தின இடமெல்லாம் டங் டங்கென்றது. பாறை. மண் இருந்தது ஒரே இடத்தில்தான், அந்த விரிசல் விட்ட சுவரின் காலடியில்.

"இங்க தோண்டினா சுவர் நிக்காதும்மா. ஏற்கெனவே பிளந்து கிடக்கு."

"இடிச்சுடுங்க."

"வீடு இடிக்கிற வேலை எங்களோடது இல்லையே."

"சரி. எங்க வேலைதான்" என்றாள் சின்ன அத்தை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "தையல், பாத்திரத்தை எல்லாம் வெளியே எடுத்து வை."

தையலுக்குக் கால் தரையில் பாவவில்லை. பானை, சட்டி, தட்டு, கரண்டி எல்லாம் முற்றத்துக்கு வந்தன. கம்பத்து ஆட்கள் பார்த்தார்கள். கைகட்டி நிற்பது அவர்களுக்கே அலுத்திருக்க வேண்டும். "கூரைத் தகரத்தை மட்டும் கழட்டித் தர்றோம், அது உயரத்துல பண்ற வேலை, எங்களுக்குப் பழக்கம்" என்று இரண்டு பேர் ஏறினார்கள். ஃபோர்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கூரை போனதும் அந்த இருட்டுச் சமையல்கட்டுக்குள் வெயில் கொட்டியது. கரி படிந்த சுவர், ஈரம் ஊறிப் பூத்துப்போன மூலை, தகரம் அடித்த விரிசல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. சின்ன அத்தை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

"இதுக்குள்ளேயா இத்தனை வருஷம் இருந்தேன்?"

கடப்பாரையை ஓங்கி ஒரே குத்து.

விரிசல் பக்கமிருந்து ஒரு பெரிய துண்டு பொலபொலவென்று சரிந்தது. தையல் சம்மட்டியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனாள். அடித்தாள். சுவர் அசையவில்லை. மறுபடி அடித்தாள். கைதான் வலித்தது.

ஆட்களில் ஒருவன் வாங்கி அடித்துப் பார்த்தான். அவனும் மூச்சு வாங்கினான். "யாரும்மா கட்டினது? செங்கல்லா இரும்பா?"

"எங்க மாமனார்" என்றாள் தையல். சொல்லும்போது தன்னையறியாமல் நிமிர்ந்தாள்.

சரிந்த இடத்தில் கல்லை அகற்றிக்கொண்டிருந்த ஃபோர்மேன் குனிந்தார். மண்ணைக் கையால் தள்ளினார். இன்னும் தள்ளினார்.

"எல்லாரும் இங்க வாங்க."

அஸ்திவாரத்துக்கு அடியில் மலைப்பாம்பு படுத்திருந்த மாதிரி ஒரு வேர். ஆள் தொடை அளவு. பாறையில் நுழைய வழியில்லாமல் அதன் ஓரமாகவே ஊர்ந்து வந்து, சுவரின் அடியில் புகுந்து, தோளால் முட்டுவதுபோல் மேலே முட்டியிருந்தது. முட்டின இடத்தில்தான் விரிசல் தொடங்கியிருந்தது.

"சுவர்ல ஒரு குத்தமும் இல்லைம்மா. இது கீழே இருந்து தூக்கியிருக்கு. வேற யாராவது கட்டியிருந்தா அன்னிக்கே குடை சாஞ்சிருக்கும்."

எல்லாருடைய கண்களும் வேர் வந்த வழியே போயின. வேலி ஓரமாக, பாறை ஓரமாக, நேராக அத்தி மரத்துக்கு.

மரத்தடியில் நாற்காலி காலியாக இருந்தது.

சின்ன மாமா அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார், எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வேரின் மேல் கை வைத்தார். ஆயுசெல்லாம் தோட்ட வேலை பார்த்த கை, எந்த வேர் எந்த மரத்தினுடையது என்று அதற்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

 

"இதை எடுத்தாத்தான் குழி இறங்கும் ஐயா" என்றார் ஃபோர்மேன் மெதுவாக. "ஒரு வேர்தான். மரம் தாங்கும்."

சின்ன மாமா எழுந்து போனார். கோடாலியோடு வந்தார். ஆட்கள் வாங்க வந்தபோது கொடுக்கவில்லை. வேர்வை சொட்டச் சொட்டத் தானே வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஹும் ஹும்மென்று சத்தம் வந்தது. வெட்டுகிற மூச்சா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. வேர் துண்டானதும் கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஃபோர்மேன் தொண்டையைச் செருமினார். "அம்மா… ஐயாதான் நாற்காலியை விட்டு எழுந்துட்டாரே. பழைய இடத்துலயே நட்டுடலாமா? அங்க மண்ணு இன்னும் லேசு."

"வேண்டாம்" என்றாள் சின்ன அத்தை. "என் இடத்துல கம்பீரமா நிக்கட்டும்."

நின்றது. கயிறு கட்டி, "ஏலே இழு! விடு! இழு!" என்று சத்தம் போட்டு, கம்பம் ஆடி ஆடி எழுந்து குழிக்குள் தொப்பென்று இறங்கியபோது, வயலில் வேலை செய்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்துக் கை தட்டினார்கள். கம்பி ஏறியது. இரண்டு வீட்டுக்கும் இழுத்தார்கள். பாலத்தடியிலிருந்து ஒருவன் பச்சைத் துணியை ஆட்டினான்.

"மெயினைப் போடும்மா!"

தையல் சுவிட்சைத் தட்டினாள்.

பட்டப்பகலிலேயே அந்தக் கூடம் பளீரென்றது. பல்பு வெள்ளை வெளேரென்று, நிமிர்ந்து பார்க்க முடியாமல் எரிந்தது. பின்னாலேயே வந்த சின்ன அத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன்டி தையல், இந்த வீட்டுல இவ்வளவு ஒட்டடையா?"

இருவரும் சிரித்தார்கள். தையல் மெஷினுக்கு ஓடினாள். வழக்கம்போல் பெடலை அழுத்தி மிதித்தாள். அது குதிரை மாதிரிப் பாய்ந்து, துணியை இழுத்துக்கொண்டு, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு சட்டையின் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டது. அவள் அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்படி ஒரு அழகான தப்பை அவள் வாழ்க்கையில் தைத்ததில்லை.

பிறகு ஆக்சிஜன் மெஷின். பிளக்கைச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. கீச்சிடவில்லை. ஒரே சீராக ஓடியது.

அவள் புருஷனுக்குப் போனைப் போட்டு, மெஷின் அருகே பிடித்தாள். பதிலுக்கு வேறொரு குரல் வந்தது. டாக்டர்.

"நிக்காம ஓடுதா?"

"நிக்காம ஓடுது சார்."

"அப்ப உங்க மாமனாரை அனுப்பறேன். அவருக்கு இங்க சாப்பாடும் பிடிக்கலை, எங்களையும் பிடிக்கலை."

சாயங்காலம் வெயில் இறங்குகிற நேரத்துக்கு ஆம்புலன்ஸ் வேன் வந்தது. புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு கொத்தனார் இறங்கினார். பாதியாக இளைத்திருந்தார். ஆனால் இறங்கியதும் அவர் கண் பார்த்தது வீட்டையல்ல. தம்பி வீட்டுப் பின்பக்கம், சுவர் இருந்த இடத்தில் நின்ற கம்பத்தை.

"என் சுவர் எங்கே?"

தையல் சொன்னாள். எல்லாவற்றையும், வேர் உட்பட. அவர் மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்து, முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"எவ்வளவு தடி?"

"தொடை தடி இருந்துது மாமா."

அவர் கண்ணை மூடினார்.  பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு வந்தது. "அப்ப இத்தனை நாள்… நின்னதே பெருசு."

"இடிக்கிறதுக்குள்ள எங்க உயிர் போயிடுச்சு" என்றாள் தையல்.

"போகும்… போகும். யார் கட்டினது?"

அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. புருஷன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். போனவன் அதே வேகத்தில் திரும்பி வந்தான்.

"சித்தி வர்றாங்க. அடுப்போட."

சின்ன அத்தை இடுப்பில் அடுப்பும் தலையில் பாத்திரக்கூடையுமாக உள்ளே வந்தாள். "எனக்குச் சமையல்கட்டு இல்லை. கட்டுற வரைக்கும் இங்கதான் சமையல்" என்றாள். கேள்வி கேட்கிற தொனியில் சொல்லவில்லை.

"சித்தப்பாவுக்குச் சாப்பாடு?"

"பசிச்சா வரட்டும். வழி தெரியாதவரா?"

சமையல் வாசனை வேலி தாண்டிப் போனதோ என்னவோ, விளக்கேற்றும் வேளையில் சின்ன மாமா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"தையல்" என்றார். "அந்த மெஷின் ஓடுதான்னு கேளு."

கொத்தனார் கட்டிலிலிருந்து கூரையைப் பார்த்துச் சொன்னார். "ஓடுதுன்னு சொல்லு."

"மூச்சு இப்ப எப்படி இருக்குன்னு கேளு."

"பரவாயில்லைன்னு சொல்லு. வாசல்ல நின்னா கொசு வரும்… உள்ளே வரச் சொல்லு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன லவுட்ஸ்பீக்கரா?" என்றாள் தையல். "கரண்ட் ஒழுங்கா வந்தது உங்களுக்கு மெஷின் ஓட்ட. என்னை ஓட்ட இல்லை."

சின்ன மாமா படியேறி உள்ளே வந்தார். அண்ணனின் கட்டிலுக்கு நேராக உட்காராமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மெஷினையே பார்த்தார். பிறகு அண்ணனின் கையை. இளைத்து, எலும்பு தெரிந்த அந்தக் கையை. கொத்தனாரும் அவர் கையைப் பார்த்தார். கோடாலி பிடித்த உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது.

"எண்ணெய் தடவச் சொல்லு" என்றார் கொத்தனார் தையலிடம். இந்த முறை அவள் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தட்டு வைத்தார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள். பளிச்சென்ற வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் ஒளித்துக்கொள்ள வழியில்லை.

சின்ன அத்தைதான் முதலில் கை கழுவினாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே, அன்றைக்குப் பேசினது போதாது என்பதுபோல் இன்னும் கொஞ்சம் பேசினாள்.

"சமையல்கட்டு புதுசா கட்டணும். ஆனா தனியா எனக்குன்னு வேண்டாம். என் இடம் ரெண்டு வீட்டுக்கும் நடுவுலதானே இருக்கு. பெருசா, காத்தோட்டமா ஒண்ணு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சமையல்கட்டு. ஒரே அடுப்பு. ஒண்ணாச் சாப்பாடு."

"முடியாது!" என்றார் சின்ன மாமா.

"முடியாது!" என்றார் கொத்தனார்.

இரண்டும் ஒரே நொடியில், ஒரே குரலாக விழுந்தன. அண்ணனும் தம்பியும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

சின்ன அத்தை தையலைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

"பார்த்தியா, ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டாங்க. காலையிலேயே அஸ்திவாரம் தோண்டிடலாம்."